ஹாரன் அடித்துச் சொன்ன எண்

கூப்பர் பள்ளம்,
மார்ச் 3

அன்புத் தங்கை நோரீனுக்கு, அக்கா டெல்ஃபியா எழுதுவது.

நீ நலமா? இங்கே என் கோபம் நலமாக இருக்கிறது. உன் அத்தானை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் அரசு வேனுக்கான பதிவை இனி இணையத்தில்தான் புதுப்பிக்க வேண்டுமாம். இல்லையென்றால் மாதக் கடைசியில் வேன் நின்றுவிடும். ஊரில் இருந்த ஆபீஸையும் பூட்டிவிட்டார்கள். கணினி இருப்பது சர்ச்சில், போனுக்கு சிக்னல் கிடைப்பது மலை உச்சியில். கணினியில் போடச் சொல்லிப் போனில் வரும் ரகசிய எண்ணோடு நான் இறங்கி வருவதற்குள் அது செல்லாமல் போய்விடுகிறது. எல்லாம் உங்கள் ஆபீஸ் செய்த புண்ணியம்.

டெல்ஃபியா

தலைநகர்,
மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த எண் திருட்டைத் தடுப்பதற்காக. விதியைப் போட்டது நானில்லை, நான் வெறும் கவுன்டர் ஆள். அந்தப் பள்ளத்தைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் அழுவாய்? அத்தானோடு இங்கே வந்துவிடு. மாடி அறை காலிதான்.

நோரீன்

கூப்பர் பள்ளம்,
மார்ச் 16

நோரீன்,

நாங்கள் ஏன் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும்? பக்கத்து வீட்டு எர்ல் என் போனை வாங்கிக்கொண்டு பிக்கப் வண்டியோடு உச்சியில் நின்று, வந்த எண்ணை ஹாரனில் அடித்தான். ஏழுக்கு ஏழு தடவை, சைபருக்கு நீளமாக ஒன்று. நான் கீழே எண்ணி எண்ணிக் கணினியில் போட்டேன். "ஏண்டி, யார் வீட்டுக் கல்யாண ஊர்வலம்?" என்று கேட்டார் உன் அத்தான் ஹோபர்ட். வேன் தேவைப்படும் எல்லோருக்கும் அப்படியே செய்து முடித்தோம்.

நேற்று எல்லோர் கணக்கையும் முடக்கிவிட்டார்கள். ஒரே கணினியிலிருந்து இத்தனை பேர் வந்தால் மோசடியாம். அக்கம்பக்கத்துக்கு உதவினால் உங்கள் ஊரில் அதற்குப் பெயர் திருட்டா?

இந்த மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை நாங்கள் எல்லோரும் உன் ஆபீஸுக்கே வருகிறோம். ஹோபர்ட்டும் வருகிறார். மனுஷ முகத்தைப் பார்த்து விண்ணப்பம் கொடுக்காமல் நகர மாட்டோம். போலீஸைக் கூப்பிடுவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு.

டெல்ஃபியா

தலைநகர்,
மார்ச் 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மேலதிகாரியிடம் காட்டினேன். "நேர்ல வந்தா வாங்கக் கூடாதும்மா. அன்னைக்குக் கதவைச் சாத்திடுங்க" என்றார். "எங்க அக்கா முகத்துல நான் கதவைச் சாத்த மாட்டேன், வேற ஆளைப் பாருங்க" என்று சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வேலை இருக்குமா, தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கவுன்டரில் என்னைத் தேடாதே. வரிசையில் முதல் ஆளாக வாசலில் நிற்பேன். வந்து என் பின்னால் நில்லுங்கள்.

உன் தங்கை,
நோரீன்