9.52-க்குச் சேமித்த அட்டவணை

மார்ச் 3, திங்கள், காலை 6.40

பன்னிரண்டு அணிகள், இருபத்திரண்டு வாரங்கள், 132 ஆட்டங்கள். கணினியில் இந்த அட்டவணைக் கோப்பைக் கடைசியாகச் சேமித்தது ஜனவரி 18, காலை 9.52. நாற்பத்து நான்கு நாளாகத் திறக்கிறேன், பார்க்கிறேன், எதையும் தொடாமல் மூடுகிறேன். சேமித்தால் அந்த நேரம் அழிந்துவிடும்.

அண்ணன் வீட்டை விட்டுக் கிளம்பியது 9.40.

மார்ச் 5

லிப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில், யாரும் அழுத்தாமலே மூன்றாவது மாடியில் நின்றது. ரிலே சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தெரிந்தும், கதவு திறந்ததும் வெளியே யார் என்று எட்டிப் பார்த்தேன்.

மார்ச் 8, சனி

எதிர்வீட்டுப் பல் டாக்டர் படியேறி வந்தார். அவரையும் சேர்த்து நாங்கள் பன்னிரண்டு பேர் கணினிக் கால்பந்தில் எங்களுக்கென்று உருவாக்கிய லீக், ஆளுக்கொரு அணி. அட்டவணை போடுவது நான். விளையாட்டே தானாகப் போட்டுக்கொடுக்கும், ஆனால் அண்ணன் அணிக்கும் என் அணிக்கும் ஒரே மைதானம் என்பது அதற்கு உறைக்காது. அதனால் கையால் போடுவேன். அணிகளை வரிசையாக எழுதினால் முதல் இடம் நிலையாக நிற்கும், மற்ற பதினொன்றும் வாராவாரம் அதைச் சுற்றி நகரும். முதல் இடம் எப்போதும் அண்ணனுக்கு.

"பத்து பேரும் காத்துக்கிட்டிருக்கோம் தம்பி. நான் பல்லு புடுங்கறதுக்குக்கூட இவ்வளவு இழுத்தடிக்க மாட்டேன்."

வேறு பெயரில் சேமித்துக்கொள்ளலாமே என்றார். சேமிக்கலாம். அப்புறம் பழையதை யாரும் திறக்க மாட்டார்கள். நானும்தான்.

அண்ணன் அணியைக் கணினியிடம் விடச் சொன்னார். அவர் போனதும் ஒரே ஓர் ஆட்டம் விட்டுப் பார்த்தேன். எழுபதாவது நிமிடத்தில், அண்ணன் செய்வதுபோலவே, இடது ஓர ஆளை மாற்றியது. இரண்டுக்கு ஒன்று. தோற்றேன். சேமிக்காமல் அணைத்தேன்.

மார்ச் 12

எழுதித் தொலைக்கிறேன்.

ஜனவரி 18. அட்டவணையில் ஒன்பதாவது வாரம் எங்கள் இரண்டு அணிக்கும் சொந்த மைதானத்தில் ஆட்டம் விழுந்திருந்தது. அதைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் காய்ச்சலோடு என் அறை வாசலில் நின்றார்.

"டாக்டர்கிட்ட கொண்டுபோய் விடுறியாடா? தலை சுத்துது."

"பத்து நிமிஷம் இருண்ணே."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் இருக்கவில்லை. தானே வண்டியை எடுத்தார். தெருக்கோடித் திருப்பம், சுவர்.

நான் தூங்கிக்கொண்டிருந்ததாக எல்லோரிடமும் சொன்னேன். அண்ணியிடமும். இல்லை என்று சொல்ல அந்த 9.52 மட்டும்தான் இருக்கிறது. அதை அழித்துவிட்டால் நான் நிஜமாகவே தூங்கினவன் ஆகிவிடுவேனா? எவ்வளவு வசதி.

மார்ச் 15, சனி

மத்தியானம் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். மடிக்கணினியை முன்னால் வைத்து நேரத்தைக் காட்டினேன். சொன்னேன். மடிப்பதை அவர் நிறுத்தவில்லை.

"தெரியும். செருப்பு மாட்டும்போது சொன்னார், சின்னவன் மேட்ச்ல இருக்கான், கூப்பிடாதேன்னு."

"அப்போ ஏன் அண்ணி கேக்கலை?"

"தூங்கினேன்னு நீதானே சொன்னே. எத்தனை நாள் நீ தூங்குறேன்னு பாத்தேன்."

மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, அண்ணன் அணியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். வாரம் ஓர் அணிக்கு எதிரணி இருக்காது, சும்மா உட்காரும் என்றேன்.

"உக்காரட்டும். முறை வரும்போது ஒவ்வொருத்தரும் அவருக்காகக் காத்திருக்கட்டும். நீயும்."

மன்னித்தாரா? தெரியவில்லை. மடிக்கணினியை மூடினேன்.

மார்ச் 16, ஞாயிறு, காலை 9.40

செய்ய வேண்டியவை:

1. முதல் இடத்தைக் காலியாக விடுவது. ஆளும் வேண்டாம், கணினியும் வேண்டாம்.
2. ஒன்பதாவது வாரத்தைச் சரிபார்க்கத் தேவையில்லை. மைதானம் இனி எனக்கு மட்டும்தான்.
3. சேமிப்பது. 9.52 போகும். போகட்டும்.
4. நான் தூங்கவில்லை என்று பத்து பேருக்கும் எழுதுவது. பல் டாக்டருக்கு நேரில்.
5. அண்ணி கூப்பிடுகிறார். எழுந்து போவது. 3 அப்புறம்.