எல்லோரும் கேட்ட ஜெபம்

புதன், இரவு.

இல்லை, நான் புறம் பேசவில்லை. ஜெபம்தான் செய்தேன். அதுதான் வினையாகிவிட்டது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் ஸ்டெல்லா கட்டாருக்கு வேலைக்குப் போகிறாள். அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். தன் அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை தானே சொல்வதாக இருந்தாள். இன்று எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் நான் கண்களை மூடிக்கொண்டு, "கடல் தாண்டிப் போகும் எங்கள் ஸ்டெல்லாவுக்குத் துணையாயிரும், ஆண்டவரே" என்றேன். வாக்கியம் அழகாக அமைந்ததில் எனக்குச் சந்தோஷம்கூட. எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

கண்களைத் திறந்தபோது அவள் அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடல் தாண்டியா? எங்கடி போற, எனக்குத் தெரியாம?"

தேநீரைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

வாசலில் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தேன். "ஒனக்காகத்தான்டி ஜெபிச்சேன்."

"ஆண்டவருக்குத்தான் முன்னமே தெரியுமேடி. நீ யாருக்குச் சொன்ன?"

அவள் கையை விட்டுவிட்டேன்.

சற்றுமுன், அவள் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்று செருப்பை மாட்டினேன். ஸ்டெல்லா சொல்ல வேண்டியதை மறுபடியும் நானே சொல்லப் போகிறேன் என்பது கதவைத் திறந்த பிறகுதான் உறைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.