ராட்டினம் ஏற வேண்டிய முழங்கால்

ஏப்ரல் 22, 1984. ஞாயிறு

காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகிறது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் "முட்டுக்குள்ள சவ்வு கிழிஞ்சி ஆப்பரேசன்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எப்படிக் கிழிந்தது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் சண்டை வரும்.

இங்கே எழுதலாம். போன சீசனுக்கு மங்களேஸ்வரி மதினி குடும்பத்தோடு மெட்ராஸிலிருந்து வந்திருந்தாள். என் வீட்டுக்காரருடைய அக்கா. குற்றாலத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, நம் புழக்கடையில் நின்று எல்லோரும் தலை துவட்டினார்கள். அவர்கள் துண்டுகளை அலச எடுத்துக்கொண்டு போனேன். அந்த எண்ணெய்த் தரையில்தான் வழுக்கினேன். எட்டு மாசம் நொண்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆப்பரேசன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பழைய வாரப்பத்திரிகை கிடந்தது. மெட்ராஸில் கடற்கரை ஓரமாகப் பெரிய பார்க் திறந்திருக்கிறார்களாம். பொம்மை ரயில், சுற்றுகிற கோப்பைகள், தென்னை மரத்துக்கு மேலே போகிற ராட்டினம். படத்தில் என் வயதுப் பொம்பளை ஒருத்தி ராட்டினத்தின் உச்சியில் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். யாரும் பார்க்காத நேரத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுவந்துவிட்டேன்.

நானும் போகணும். அப்படி உட்கார்ந்து சிரிக்கணும்.

இவரிடம் சொன்னேன். "மொதல்ல கக்கூசுக்குத் தனியாப் போயிட்டு வா. பெறகு மெட்ராசுக்குப் போவலாம்" என்றார்.

ஏப்ரல் 24

கம்பை ஊன்றித் தனியாகப் போய்வந்தேன். இவரிடம் அறிவித்தேன். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

மே 6, ஞாயிறு

கட்டைப் பிரித்துவிட்டார்கள். உள்ளேயிருந்து வந்தது என் கால் இல்லை, முருங்கைக்காய். மடக்கச் சொன்னார்கள். வேறு யாரிடமோ சொல்கிறார்கள் என்பதுபோல அது அசையாமல் கிடந்தது.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெபமலருக்கு மேலகரத்தில் வீடு. லீவுக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லி, இன்றே கூட வந்துவிட்டாள். கணுக்காலில் ஒரு மணல் பையைக் கட்டினாள்.

"தூக்குங்கக்கா. வலிக்கும். வலிச்சா நல்லது."

"யாருக்கு நல்லது?"

சிரித்தாளே தவிர பையை அவிழ்க்கவில்லை. அவளிடம் பார்க் படத்தைக் காட்டினேன். இவர் மாதிரிக் கேலி செய்யாமல் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "இந்தத் தொட்டிக்குள்ள ஏறி உக்காரணும்னா முட்டு இம்புட்டாவது மடங்கணும்க்கா" என்று முழங்கையை மடக்கிக் காட்டினாள். இப்போது எனக்கு முட்டு மடங்குவது பெரிதில்லை. ராட்டினத்துக்கு மடங்க வேண்டும், அவ்வளவுதான்.

மே 13, ஞாயிறு

தென்காசிக்காரர்கள் யாராவது லீவுக்கு வெளியூர் போய்ப் பார்த்திருக்கிறோமா? எங்கே போவது? ஊரெல்லாம் இங்கேதான் வருகிறது. ஆனி ஆடி முழுக்க நம் வீடு சத்திரம். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு சீசன் தவறியதில்லை. அவர்கள் ஐந்தருவி, புலியருவி என்று போய்வருவார்கள். நான் அடுப்பு, ஆட்டுக்கல், துவைகல் என்று போய்வருவேன். குளித்துவிட்டு வந்தால் பசி வேறு அப்படிப் பசிக்கும் அவர்களுக்கு.

ஒரே ஒரு தடவை நான் விருந்தாளியாக இருக்க வேண்டும். காலை நீட்டிக்கொண்டு, "காப்பி இருக்கா?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு மறுபடி காலை நீட்டிக்கொள்ள வேண்டும்.

மதினிக்குக் கடிதம் போட்டேன். இந்த வருஷம் நாங்கள் ஜூன் கடைசியில் அங்கே வருகிறோம், கடற்கரை பார்க்குக்குப் போகணும் என்று.

மே 19, சனி

பதில் வந்துவிட்டது. "கால் முட்டோடு உனக்கு என்ன ராட்டினம்? நாங்களே அங்கு வருகிறோம். உன்னைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, அருவியில் குளித்த மாதிரியும் ஆயிற்று. வழக்கம்போல் தண்ணீர் விழுந்ததும் கார்டு போடு."

வழக்கம்போல்! வருஷா வருஷம் நான்தான் கார்டு போடுகிறேன். 'சாரல் ஆரம்பித்துவிட்டது, அருவியில் தண்ணீர் விழுகிறது' என்று. மூன்றாம் நாள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவார்கள். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதற்கு என் கையாலேயே தபால்!

அவியளுக்கு என் கால் தெரியலையா? நின்னு சோறு பொங்க முடியுமா என்னால? ஒருத்தராவது நெனச்சிப் பாத்தாகளா? இவர் என்னடான்னா, "அக்காவ எப்பிடிட்டி வராதேன்னு சொல்லுதது" என்று மோட்டுவளையைப் பார்க்கிறார். நமக்கே கிளப்புக்கடையிலிருந்து தூக்குச்சட்டியில் சாப்பாடு வருகிறது. அதில் அவர்களுக்கும் சேர்த்து வாங்குவாராம்.

அழுதேன். பிறகு மணல் பையைக் கட்டித் தூக்கினேன். கோபத்தில் நன்றாகத் தூக்க வருகிறது.

மே 30

மலைப் பக்கம் மழைக் கருக்கல் கட்டுகிறது. தெருவே அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்படுகிறது. நான் மட்டும் 'வேண்டாம், கலைஞ்சி போ' என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு ஜாஹிரா பீவி காதில் விழுந்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் குற்றாலத்தில் துண்டும் எண்ணெயும் விற்கிறார். சீசன்தான் அவர்களுக்குச் சோறு.

"எக்கா, எங்க வயித்துல அடிக்காதீய" என்றாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. வெட்கமாகப் போய்விட்டது. வேண்டுதலை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 4, திங்கள்

வாபஸ் வாங்கியது தப்பு. பேரருவியில் தண்ணீர் விழுந்துவிட்டது.

ஜூன் 6, புதன்

கார்டு போட்டேன்.

'இந்த வருஷம் சீசனுக்கு ஒரு அறிகுறியும் இல்லை மதினி. அருவிப் பாறை காய்ந்து கிடக்கிறது. வந்தால் ஏமாற்றம்தான். நாங்களே அங்கு வருகிறோம்.'

எழுதும்போது ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து மை கலைந்தது. கார்டைத் துடைத்துக் காயவைத்துத்தான் தெருப் பையனிடம் பெட்டியில் போடக் கொடுத்தேன். இவருக்குத் தெரியாது.

ஜூன் 12, செவ்வாய்

"அப்படியா, சரி, வாங்க" என்று மதினி எழுதியிருக்கிறாள்! இவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்து, "அக்காவா இது!" என்றார். கொல்லம் மெயிலில் இருபத்திரண்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். ஜெபமலர் சொன்ன அளவுக்கு முட்டு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. முக்காலியை ராட்டினத் தொட்டி என்று நினைத்துக்கொண்டு ஏறி உட்கார்வதும் இறங்குவதுமாக இருக்கிறேன். முக்காலி ஆடுகிறது. நிஜ ராட்டினமும் ஆடும்தானே, பழக்கம் நல்லது.

ஜூன் 17, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

ஜாஹிரா ஓடிவந்து, "எக்கா, மெட்ராஸ்காரங்க வந்து குமியுதாவ. பேப்பர்ல போட்டோ போட்ருக்கானாம்லா. அருவி ஆர்ச்ச மூடிக்கிட்டுத் தண்ணி கொட்டுதுன்னு" என்றாள். துண்டெல்லாம் தீர்ந்து செங்கோட்டையில் கொள்முதல் செய்கிறார்களாம். அவள் முகம் பூத்துக் கிடக்கிறது.

பேப்பரை மறந்தே போனேன். குற்றாலத்தில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தால்கூடப் பேப்பர்காரர்களுக்கு அது செய்தி. மதினி வீட்டில் காலையில் காப்பி வருவதற்கு முன்னால் பேப்பர் வந்துவிடும்.

வேறு வழியில்லாமல் இவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "ஏட்டி, குத்தாலத்துத் தண்ணிய ஒளிச்சி வைக்கப் பாத்தியே" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், அது இருமலில் போய் நின்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவருக்குக் கூடப்பிறந்தவள் என்று இருப்பது ஒரே ஒரு அக்கா. என்னால் அந்த உறவு போய்விட்டால்?

ஜூன் 20

மதினியிடமிருந்து ஒரு வரி இல்லை. திட்டியாவது எழுதக்கூடாதா? டிக்கெட்டை ரத்து செய்துவிடலாமா என்று கேட்டேன். "கோவத்தையும் நேர்ல போயி வாங்கிக்கிடுவோம்" என்றார்.

ஜூன் 23, சனி. மெட்ராஸ்

எழும்பூருக்கு மதினியின் வீட்டுக்காரர், அத்தான், மட்டும் வந்திருந்தார். வீட்டு வாசலில் மதினி "வா" என்றாள். எப்போதும் சொல்கிற 'வாட்டி' இல்லை, 'வா.' எனக்கென்று ஒரு நாற்காலியும், காலை வைக்க ஒரு ஸ்டூலும் போட்டிருந்தாள். காப்பி கேட்காமலே வந்தது. நான் ஆசைப்பட்ட விருந்தாளி வாழ்க்கை எல்லாம் நடக்கிறது. காப்பியை ஆறவிட்டேன்.

இலை போட்டுப் பரிமாறும்போது கேட்டாள்: "அங்கன மழை உண்டா?"

இவருக்குப் புரையேறியது.

"லேசா" என்றேன்.

ஜூன் 24

அடுப்பங்கரையில் மதினி ஒருத்திதான் நிற்கிறாள். அத்தானுக்கு ஒரு நேரம், மூத்தவனுக்கு ஒரு நேரம், ஷிப்டுக்குப் போகிற இளையவனுக்கு ஒரு நேரம். எழுந்து உதவப் போனேன். "கால வச்சிக்கிட்டு சும்மா இரி" என்றாள். அது கோபமா, அக்கறையா? தெரியவில்லை. கேட்டுத் தொலைத்தாலாவது நன்றாயிருக்கும்.

ஜூன் 26, செவ்வாய்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

பார்க்குக்குக் கிளம்பும்போது மதினி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "நானும் வாரேன். இத்தன வருசமா இந்த ஊர்ல இருக்கேன், நான் எதப் பாத்தேன்?"

ராட்டினத்தடியில் நின்று இவர் அண்ணாந்து பார்த்தார். தனக்குத் தலை சுற்றும் என்று சொல்லி என் கம்பையும் எங்கள் இரண்டு பேர் செருப்பையும் வாங்கிக்கொண்டார். மதினிதான் என் முழங்கையைப் பிடித்துத் தொட்டிக்குள் ஏற்றினாள். முட்டு மடங்கியது! கொஞ்சம் முனகிக்கொண்டுதான், ஆனால் மடங்கியது. உட்கார்ந்துவிட்டேன்.

மேலே போனதும் கீழே ஆள் ஏற்றுவதற்காக ராட்டினத்தை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் முழுக்கக் கடல். இறங்கி ஓட வழியில்லை என்று தெரிந்துதான் மதினி ஆரம்பித்தாள்.

"தண்ணி இல்லன்னு எழுதுன."

"ஆமா மதினி."

"வராதீயன்னே எழுதியிருக்கலாம்லா?"

"எழுதியிருந்தா என்ன செஞ்சிருப்பீய?"

"பேசியிருக்க மாட்டேன். செத்தாலும் உன் வாசல் மிதிச்சிருக்க மாட்டேன்" என்றாள். மதினி எப்போதும் உள்ளதைச் சொல்லிவிடுவாள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நானும் சொன்னேன். "போன சீசன்ல நீங்க எல்லாம் எண்ணெயோட நின்னு தொவட்டுனியல்லா, அந்த எடத்துலதான் மதினி வழுக்குனேன்."

மதினி கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வருசத்துல அங்கன வந்தாத்தான்ட்டி எனக்கு ஒருத்தி எல போட்டுச் சோறு வைப்பா. மத்த நாளெல்லாம் நான்தான் எல்லாத்துக்கும் வைக்கேன். அந்த ஒருத்திக்கும் கை வலிக்கும்னு நான் நெனச்சதே இல்ல, பாத்துக்க."

இத்தனை வருஷமாக அவளை நான் மனசுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறேன்! அவளும் என்னைப்போல ஒரு அடுப்பிலிருந்துதான் ஓடிவந்திருக்கிறாள். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ராட்டினம் ஒரு குலுக்குக் குலுக்கிக் கீழே பாய்ந்தது. மதினி "ஏ... யப்பா!" என்று அலறி, கைக்கு அகப்பட்டதை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அகப்பட்டது ஆப்பரேசன் முட்டு.

உயிர் போகிற வலி. நானும் கத்தினேன், சிரித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. கையை எடுக்கச் சொல்லவில்லை.

ஜூன் 27

முட்டு வீங்கியிருக்கிறது. மதினி உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். நாளைக்கு இன்னொரு தடவை ராட்டினம் ஏறலாமா என்று கேட்கிறாள்.

ஜூன் 29, வெள்ளி. ரயிலில்

விழுப்புரம் தாண்டிவிட்டது. எதிர் சீட்டில் மதினி. தண்ணீர் கொட்டுகிறபோது ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று அத்தானிடம் சொன்னாள். மகன்களிடம் பொங்கித் தின்னச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு பையோடு ஏறிவிட்டாள்.

தென்காசியில் போய் இறங்கியதும் யார் சமைப்பது என்று பேச்சு வந்தது. எனக்கு முட்டு வீக்கம். மதினி விருந்தாளி. இரண்டு பேரும் சேர்ந்து இவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இவர் வெகு நேரமாக ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.