மேசைக்கு அடியில் வெயில்

கிரனாடா,
பிப்ரவரி 9

அன்புள்ள வீயெரா அம்மாவுக்கு,

ஸ்பானிஷ் படிக்க வந்த உங்கள் மகள் யார்மிலா தங்கியிருக்கும் வீட்டுக்காரி ரெமேதியோஸ் எழுதுகிறேன். நானும் என் கணவர் எலாடியோவும் நலம். உங்கள் வீட்டிலும் யாருக்கும் இருமல், சளி இல்லை என்று நம்புகிறேன். நான் சொல்வதை அவள்தான் உங்கள் மொழியில் எழுதித் தருகிறாள். அவளைத் திட்டும் இடங்களை விழுங்கிவிடுவாள். நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

"கஷ்டமாக இருந்தால் கிளம்பி வந்துவிடு" என்று நீங்கள் எழுதியது நேற்று வந்தது. பெற்றவள் வேறு என்ன எழுதுவாள்! அவள் அழுது எழுதியதும் பொய்யில்லை. ஆனால் அதற்குப் பிறகு இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது.

வந்த நாளிலிருந்து அவள் அவசரமாகச் சாப்பிடுவாள், நன்றி சொல்வாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். எங்கள் ஊரில் சாப்பாடு முடிந்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். "நம்ம மூஞ்சியே அந்தப் புள்ளைக்குப் பிடிக்கல போல, ரெமே" என்றார் எலாடியோ. வேறு வீடு பார்த்துத் தரச் சொல்லி அவள் பள்ளியில் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுப்படியில் நின்று அழுதும் விட்டேன்.

அன்று மதியம் பருப்புக் குழம்பு. அவள் கை தவறிக் கரண்டி கீழே விழுந்தது. எங்கள் வட்டமேசைக்குத் தரையைத் தொடும் கம்பளித் துணி போட்டிருப்போம். அதைத் தூக்கிக் குனிந்தவள் எழவே இல்லை. "என்னம்மா, கரண்டி கெடைக்கலயா? இல்ல அங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று கேட்டார் எலாடியோ. கன்னம் சிவக்க எழுந்து, கையால் மேசைக்கு அடியைக் காட்டி, அவளுக்கு வந்த அரைகுறை ஸ்பானிஷில் கேட்டாள்: "இந்தச் சூடு எல்லாருக்குமா?"

வீயெரா அம்மா, மேசைக்கு அடியில் கணப்பு இருக்கிறது என்று நாங்கள் அவளிடம் சொல்லவே இல்லை! துணியை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு காலை உள்ளே நீட்டுவது பிறந்த குழந்தைக்கும் தெரியும் என்று நினைத்திருந்தோம். அவளோ நல்ல மேசைவிரிப்பைத் தொட்டால் மரியாதைக் குறைவு என்று காலை வெளியே வைத்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அறையில் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் பாடம் படித்தாளாம். இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பனி தேசத்துப் பெண்ணாயிற்றே, புழுங்குமே என்று வெயில் படாத அறையை அவளுக்குக் கொடுத்து, கனமான போர்வையையும் அங்கிருந்து எடுத்துவிட்டவள் நான்தான். உங்கள் ஊரில் வெளியேதான் பனி, வீட்டுக்குள் கதகதப்பில் வெறும் சட்டையோடு உட்காரலாம் என்று யார் கண்டது? சிரிக்க ஆரம்பித்தேன், அழுகையில் முடிந்தது.

இப்போது மேசையை விட்டு அவளை எழுப்புவதே பெரும்பாடு. எலாடியோ சீட்டாட்டத்தில் ஏமாற்றினால் சுத்தமான கிரனாடாப் பேச்சில் சண்டை போடுகிறாள். பள்ளியில் ஆசிரியை, "இதெல்லாம் எங்கடி கத்துக்கிட்ட?" என்று கேட்டாராம். "மேசைக்கு அடியிலங்க" என்றாளாம். வேறு வீடு வேண்டாம் என்றும் அவளே சொல்லிவிட்டாள். அப்பாடா என்று இருக்கிறது எனக்கு. அறையும் மாற்றிவிட்டேன். அது என் மகள் அம்பாரோவின் அறை, காலை வெயில் நன்றாக வரும்.

அம்பாரோ ஹாம்பர்கில் ஒரு வீட்டில் தங்கி வேலை பார்க்கிறாள். எல்லாம் சௌகரியம் என்றே எழுதுகிறாள். உங்கள் மகளும் முதலில் உங்களுக்கு அப்படித்தானே எழுதினாள்?

இந்த வரியை யார்மிலா மாற்றாமல் எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்: பள்ளி முடியும் ஜூன் வரைக்கும் அவளை எங்களோடு விட்டுவையுங்கள். உங்கள் பிள்ளையின் கால் சூடாக இருக்கிறது. என் பிள்ளைக்கும் அங்கே யாராவது மேசைத் துணியைத் தூக்கிக் காட்டட்டும் என்று நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகளுக்கு இங்கே காவலாக இருக்கும்,
ரெமேதியோஸ்