சிவப்பில் எழுதிய பெயர்

என் மனைவி, தோக்நாமின் அம்மாவுக்கு,

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். அறுபத்தொன்பது வயதில் நானே எழுதும் முதல் கடிதம் இது! உன் இடுப்புவலி எப்படி? நான் சுகம்.

நான் திட்டியதிலிருந்து, இந்த விடுதியில் என் அறைத்தோழன் குவாக் மூன்று மாதமாய்ப் பேசாமலிருந்தான். பகைத்தவனுக்காக ஜெபிக்கச் சொன்னார் போதகர். அவன் பெயரை ஆசையாய் எழுதி என் தலைமாட்டில் ஒட்டினேன். கிடைத்தது சிவப்புப் பேனா. செத்தவர் பெயரைத்தான் சிவப்பில் எழுதுவார்களாம். இப்போதுதான் எழுதப் பழகும் எனக்கு எங்கே தெரியும்?

“யோவ் கிழவா, எழுதக் கத்துக்கிட்டதே என்னைக் கொல்லத்தானா?” என்று கிழித்துவிட்டு வேறு அறைக்குப் போய்விட்டான். மன்னிப்புக் கேட்டு அவன் வாசலில் கஞ்சி வைத்தேன். தொடவேயில்லை.

கம்பளிக் காலுறை அனுப்பு. அவனுக்கும் ஒரு ஜோடி, நேராக அவனுக்கே. நான் கொடுத்தால் வாங்கமாட்டான். அன்பு காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அடுத்த வாரமும் எழுதுகிறேன். இங்கே பேச ஆளில்லை.