கண்மாய் நிறைந்த பிறகு விழும் சிக்னல்

தை 5, திங்கள்
பனி. காற்று துளிகூட இல்லை. 5.50க்கு லிங்க் விழுந்தது, 8.10க்குத் தானாக வந்தது. ராஜபாளையம் பேண்டேஜ் மில்லுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் குடோனுக்கும் நடுவே நான் போட்ட ரேடியோ லிங்க். ஐப்பசி மழையில்கூட விழாதது, இப்போது தினமும் காலையில். மில் மேனேஜர் போனில் கத்தல்: "வாட்ச்மேன் செல்லுக்கு சார்ஜ் போட பிளக்கப் புடுங்குதான். நீதானம்மா எழுதிக் குடுத்த?"
ஆமாம். போன வாரம் ரிப்போர்ட்டில், "லிங்க் விழக் காரணம்: குடோனில் மின்சாரம் இல்லை." போய்ப் பார்க்காமலே எழுதியது.
வாங்க: கேபிள் டை, தைலம், பால்.

தை 6, செவ்வாய்
ஆறு மணிக்கே குடோன். பிளக் அதன் இடத்தில். பச்சை விளக்கு எரிகிறது. சிக்னல் மட்டும் இல்லை. வாட்ச்மேன் சுடலைமுத்து அண்ணன்: "நான் தொடவே இல்லம்மா. கரண்டுன்னா எனக்குப் பயம்லா." வெட்கமாகப் போய்விட்டது.
திரும்பும்போது, லிங்க் கடந்து போகும் கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தினேன். தண்ணீர் ததும்பி, கண்ணாடி மாதிரி. சித்திரையில் நான் டவர் உயரம் குறித்தபோது உள்ளே ஆடு மேய்ந்தது! நேராக வரும் சிக்னலை, தண்ணீரில் பட்டு வருவது அடித்துவிடுகிறது. எட்டு மணிக்குக் காற்று. தண்ணீரில் அலை, பட்டு வருவது சிதறிப்போகிறது. போனில் பார்க்கப் பார்க்க லிங்க்கின் சிக்னல் ஏறியது. மடச்சி நான்தான்.

தை 8, வியாழன்
மில் ஆபீஸ். படம் வரைந்து விளக்கினேன். மேனேஜர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "காத்தடிச்சா வருதாம், தண்ணி சும்மா கெடந்தா போயிருதாம். எம்புட்டு கத விடுத!" சுடலைமுத்து அண்ணனை இன்று காலையில் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். சாயங்காலம் முதல் வேறு ஆள்.
அழுகையா கோபமா தெரியவில்லை. மதியம் குடோன் டவரில் ஏறி ஆன்டெனாவை ஏழடி இறக்கினேன். இனி தண்ணீரில் பட்டு வருவதைக் கரையும் பனைகளும் மறைத்துவிடும்.

தை 9, வெள்ளி
அதே பனி. காற்றில்லை. லிங்க் விழவே இல்லை. சந்தோஷம் பத்து நிமிடம்.
மேனேஜர் போன்: "பாத்தியாம்மா? ஆள மாத்துன மறுநாளே சரியாயிட்டு!"
பற்றிக்கொண்டு வருகிறது. என் கையெழுத்து ஒருவர் வேலையைப் பறித்தது. அது சரிதான் என்பதற்குச் சாட்சியையும் நானே ஏழடி இறக்கிக் கொடுத்திருக்கிறேன்.
ஸ்பேனர் பையில் வைத்தாச்சு. சாயங்காலம் ஏறி ஆன்டெனாவைப் பழைய உயரத்திலேயே கட்டப் போகிறேன். நாளைக் காலை புது ஆள் காவலில் லிங்க் விழட்டும். பிளக்கை யார் பிடுங்கியது என்று அப்போது நான் கேட்கிறேன்.