நடக்கும்போது கை ஏன் ஆடுகிறது?

மார்ச் 4, செவ்வாய்

என் வானொலி நிகழ்ச்சிக்கு இந்த வாரமும் மூட்டை மூட்டையாகக் கேள்விகள். வெங்காயம் நறுக்கினால் கண்ணீர் ஏன், பதிவு செய்த நம் குரல் நமக்கே ஏன் அந்நியமாகக் கேட்கிறது. எல்லாம் அரைத்த மாவு. ஒன்று மட்டும் பிடித்தது: நடக்கும்போது கையை ஏன் வீசுகிறோம்? யாரும் சொல்லித் தரவில்லையே. தயாரிப்பாளரும், "இதையே எடுத்துக்கோங்க, வெள்ளிக்கிழமை பதிவு" என்றார்.

மார்ச் 5, புதன்

எழுதிவிட்டேன். வலது கால் முன்னே போனால் இடுப்பு ஒரு பக்கம் திருகும். இடது கை முன்னே வந்து அதைச் சரிக்கட்டும். கையைக் கட்டிக்கொண்டு நடந்து பாருங்கள், சீக்கிரம் களைப்பீர்கள்.

சரிபார்க்கலாமே என்று பால்கனியில் நின்றேன். தபால்காரர், குடையோடு ஒரு அம்மாள், சண்டை போட்டுக்கொண்டே போன ஜோடி. எல்லாருக்கும் ஆடியது. அப்புறம் இவர், என் வீட்டுக்காரர், வந்தார், வேலை முடிந்து. வலது கை ஆடியது. இடது கை, கொடியில் காயும் சட்டைக் கை மாதிரி தொங்கியது.

பை இடது தோளில். அதனால்தான் இருக்கும்.

மார்ச் 6, வியாழன்

பை இல்லாமல் கடைக்குப் போனார். பார்த்தேன். ஆடவில்லை.

மாலையில் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியது. பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்ன ஓடுற?" என்றார். சளியா? இல்லையாம்.

ஆடாத கை, நாற்றம் தெரியாத மூக்கு, இரண்டுக்கும் சேர்த்து ஒரு காரணம் எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்கிறவளுக்கு அதன் பெயரை இங்கே எழுதக் கை வரவில்லை. தோள்பட்டைப் பிடிப்பாக இருக்கக்கூடாதா? வயசு? இவருக்கு வேலையே லிஃப்ட் பழுது பார்ப்பது — கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு.

மார்ச் 7, வெள்ளி

பதிவில் கை வேண்டாம், கொட்டாவி ஏன் வருகிறது என்று பேசுகிறேன் என்றேன்.

"நல்லா இருந்துச்சே, ஏன்?" என்றார் தயாரிப்பாளர்.

ஏன் என்று கேட்டால் பதில் சொல்வதுதான் என் பிழைப்பு. ஒலிவாங்கியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

பிடித்துவிட்டார். "காலையில காப்பித்தூள், மத்தியானம் சோப்பு, இப்ப ஆரஞ்சுத் தோல். எல்லாத்தையும் மூக்குகிட்ட நீட்டுற. நான் என்ன உன் சோதனை எலியா?"

பக்குவமாகச் சொல்ல எத்தனை ஒத்திகை பார்த்தேன்! கத்திவிட்டேன். "உங்க கை ஆடல! தெருவுல எல்லாருக்கும் ஆடுது, உங்களுக்கு மட்டும் ஆடல!"

அவர் உட்கார்ந்தார். "தெரியும்."

சட்டைப் பொத்தான் போட நேரமாகிறதாம். கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் நழுவுகிறதாம். "பையை எதுக்கு இந்தத் தோளுக்கு மாத்தினேன்? கை தொங்குறது தெரியக்கூடாதுன்னுதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ விளக்கம் சொல்லுவ. கேக்க எனக்குப் பயமா இருந்துச்சு."

மார்ச் 19, புதன்

நரம்பு மருத்துவர் வராந்தாவில் நடக்கச் சொன்னார். விரலைத் தட்டச் சொன்னார். நிறைய யோசித்தார்.

பார்க்கின்சன். இதோ, எழுதிவிட்டேன்.

"ஆரம்பம்தான். மாத்திரை இருக்கு, நல்லாவே சமாளிக்கலாம். ஆனா உயரத்துல நின்னு செய்யற வேலை இனிமே வேண்டாம்" என்றார். இவர் தலையாட்டினார். ஆஸ்பத்திரி லிஃப்டில் இறங்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு, "இதுக்கு எண்ணெய் போட்டு மாசக்கணக்காச்சு" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கீழே வரும்வரை இரண்டையும் அடக்கினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

கை நிகழ்ச்சியை இன்று பதிவு செய்தேன். "போய்ப் படி. என்னை மாதிரி எவனாவது தோளுல பையை மாட்டிக்கிட்டுத் திரிவான்" என்று அவர்தான் அனுப்பினார். கடைசியில் ஒன்று சேர்த்தேன்: ஒரு கை மட்டும் ஆடாமலிருந்தால் காரணம் பலவாக இருக்கலாம், நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களே முடிவு கட்டாமல் — யார் யாருக்குச் சொல்வது! குரல் இடறியது. தயாரிப்பாளர் திரும்ப எடுக்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

இவரைப் பட்டறைக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க மேஜை வேலை. வீட்டுக்கு வந்ததும் செருப்பு கிடந்த இடம் சரியில்லை என்று எரிந்து விழுந்தார். நானும் சும்மா இருக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் இவருக்கு நடைப் பயிற்சி சொல்லித் தரும் பெண், தாளத்துக்கு அடியெடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். பாட்டு இருந்தால் இன்னும் நல்லதாம். கல்யாணமானதிலிருந்து குளியலறையில்கூட முணுமுணுக்காத மனுஷன், இன்று தெருவில் வாய்விட்டுப் பாடினார். சுருதி ஒரு பக்கம், ராகம் ஒரு பக்கம். வரி மறந்த இடத்தில் கடைப் பலகைகளைப் படித்துப் போட்டுக்கொண்டார். தாளம் கேட்டால் கால் ஏன் சொன்னபடி கேட்கிறது என்பதற்கு விளக்கம் இருக்கிறது. நாக்கு நுனி வரை வந்தது. அவர் கேட்கவில்லை; விழுங்கிக்கொண்டேன்.

பல் ஆஸ்பத்திரிப் பலகை வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. அந்தப் பலகையை நான் பாடினேன்.